குடல் அழற்சி நோயில் டி-ரெக் செல்கள் கூடுதலாக இருந்தும் அழற்சி ஏன் அடங்குவதில்லை?

கெடிலக்கரை (கடலூர்) கேட்டது:

வணக்கம். கடலூர், புதுச்சேரிப் பக்கம் குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்களின் குடும்பங்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. அதில் நோய் எதிர்ப்புச் செல்கள் பற்றிய பகுதி என் பொறுப்பு. டி-ரெக் (அழற்சியை அடக்கும் டி செல்; டி செல் என்பது ஒரு நோய் எதிர்ப்பு வெள்ளணு) பற்றிய கண்டுபிடிப்புக்காக 2025-க்கான மருத்துவ நோபல் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் கிடைத்த பிறகு குடும்பத்தினர் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அழற்சியை அடக்குற செல் குறைஞ்சதாலதானே இந்த நோய்? அதையே ஊசியா ஏத்திட்டா சரியாயிடாதா?"

படித்துப் பார்த்தால் நேர்மாறாக இருக்கிறது. நோய் தீவிரமாக இருக்கும்போது ரத்தத்தில் டி-ரெக் குறைகிறது, சரி. ஆனால் புண்ணான குடல் சுவரில் எடுத்த பயாப்சியில் ஆரோக்கியமான குடலைவிடக் கூடுதலாக இருக்கிறது. அடக்குகிற செல் அவ்வளவு இருந்தும் அழற்சி ஏன் அடங்கவில்லை? எளிமைப்படுத்தப் போய்த் தப்பாக எழுதிவிடக் கூடாது என்பதால் விவரமாகவே சொல்லுங்கள். உயிரியல் ஊசி (நோய் எதிர்ப்புச் சமிக்ஞைகளைத் தடுக்கும் புரத மருந்து) போடுகிறவர்களுக்கு நடைமுறையில் என்ன எழுதலாம் என்பதையும் மருத்துவர்கள் சொன்னால் நல்லது.

---

சங்கராபரணி:

நீங்கள் படித்தது சரி. செல்கள் ரத்தத்திலிருந்து குடலுக்குப் போய்ச் சேர்கின்றன, அங்கேயே பெருகவும் செய்கின்றன. கலவரம் நடக்கிற தெருவில் போலீஸ் கூடுதலாகத்தான் இருக்கும். ஆகவே "டி-ரெக் குறைபாட்டு நோய்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நிஜமான குறைபாடு எப்படி இருக்கும் என்பதற்கு ஐபெக்ஸ் என்ற அரிய நோய் இருக்கிறது. டி-ரெக் உருவாகத் தேவையான ஃபாக்ஸ்பி3 ஜீன் பழுதானால் வருவது. அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குழந்தைகளைத் தாக்கும். கைக்குழந்தையிலேயே அடங்காத வயிற்றுப்போக்கு, முதல் வகைச் சர்க்கரை நோய், தோல் அழற்சி மூன்றும் சேர்ந்து வரும். இருபது, இருபத்தைந்து வயதில் தொடங்கும் குரோன்ஸ் அந்த ரகம் இல்லை.

பெரும்பாலும் கோளாறு கட்டளை கொடுக்கிற பக்கத்தில் இல்லை, அதை வாங்குகிற பக்கத்தில். யார் வாங்க வேண்டும் என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

முதல் ஆள் மேக்ரோஃபேஜ், கிருமிகளை விழுங்கும் செல். கல்லீரல், மூளை போன்ற இடங்களில் பல மேக்ரோஃபேஜ்கள் கருவிலேயே குடியேறித் தங்களைத் தாங்களே புதுப்பித்துக்கொள்ளும். குடலில் பெரும்பகுதி அப்படி இல்லை. ரத்தத்திலிருந்து மோனோசைட் என்ற வெள்ளணு வந்துகொண்டே இருக்கும், லேமினா ப்ராப்ரியாவில் (குடல் உள்தோலுக்கு அடியில் உள்ள அடுக்கு) சில நாளில் பக்குவப்பட்டு மேக்ரோஃபேஜ் ஆகும். அப்படிப் பக்குவப்பட்ட செல் உள்ளே நுழைந்த பாக்டீரியாவை விழுங்கும், கொல்லும். ஆனால் டிஎன்எஃப், ஐஎல்-6, ஐஎல்-23 போன்ற அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களை (செல்கள் அனுப்பும் செய்திப் புரதங்கள்) சுரந்து கூச்சல் போடாது. கோடிக்கணக்கான பாக்டீரியாவுக்கு ஒரே ஒரு அடுக்கு எபிதீலியம் (குடலின் உள்தோல்) தள்ளி வாழ்கிற செல்லுக்கு இந்த அமைதி அவசியம். அதைக் கொடுப்பது ஐஎல்-10 என்ற அடக்கும் சைட்டோகைன். அதை அனுப்புகிறவர்களில் முக்கியமானவர் டி-ரெக்.

இதற்கான சான்று மிக அழகானது, கையேட்டில் கட்டாயம் வையுங்கள். ஐஎல்-10 ஜீனையே நீக்கிய எலிக்குத் தானாகப் பெருங்குடல் அழற்சி வரும் என்று 1993-ல் தெரிந்தது. கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தால் அதே எலிக்கு வராது. பிறகு 2014-ல் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். மேக்ரோஃபேஜிலிருந்து மட்டும் ஐஎல்-10 உற்பத்தியை நீக்கினால் எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. மேக்ரோஃபேஜிலிருந்து ஐஎல்-10 ஏற்பியை (அந்தச் செய்தியை வாங்கும் புரதம்) நீக்கினால் கடும் அழற்சி. ஐஎல்-10 மற்ற செல்களிடமிருந்து தாராளமாக வந்துகொண்டுதான் இருந்தது, மேக்ரோஃபேஜுக்கு அது கேட்கவில்லை.

மனிதரிலும் இது இருக்கிறது. ஐஎல்-10 ஏற்பி ஜீன் இரண்டு பிரதியும் பழுதான குழந்தைகளை 2009-ல் கண்டுபிடித்தார்கள். பிறந்த சில மாதத்திலேயே ரத்தக் கழிச்சல், ஆசனவாயைச் சுற்றிப் பவுத்திரம், எந்த மருந்துக்கும் மசியாத நிலை. ஏற்பி இல்லாதது ரத்த வழிச் செல்களில் என்பதால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை கைகொடுக்கிறது. அக்கா மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் கல்யாணம் செய்யும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருப்பதால், 2 வயதுக்குள் குடல் அழற்சி வந்த குழந்தைக்கு மரபணுப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

பெரியவர்களின் சாதாரண நோயில் ஏற்பி இருக்கும். அங்கே நடப்பது வேறு. அழற்சி தொடங்கியதும் மோனோசைட் வெள்ளமாக வந்து சேர்கிறது, பக்குவப்படும் பாதையில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. நின்றவை டிஎன்எஃப், ஐஎல்-1 பீட்டா, ஐஎல்-23 சுரக்கின்றன. அந்தச் சுரப்பே இன்னும் மோனோசைட்டை இழுத்து வருகிறது.

இரண்டாவது ஆள், தாக்கும் டி செல். டி-ரெக் அனுப்பும் இன்னொரு முக்கியக் கட்டளை டிஜிஎஃப்-பீட்டா. புண்ணான குடலில் இருக்கும் டி செல்லுக்குள் ஸ்மாட்7 என்ற புரதம் மிகுந்து அந்தச் சமிக்ஞையை உள்ளேயே வெட்டிவிடுகிறது. பயாப்சியிலிருந்து பிரித்த டி-ரெக்கைச் சோதனைக் குழாயில் சாதாரண டி செல்லோடு வைத்தால் ஒழுங்காக அடக்குகிறது. அதே குடலின் தாக்கும் டி செல்லோடு வைத்தால்தான் தோற்கிறது.

இந்தப் பின்னணியில் தோற்ற மருந்துகளைப் பார்த்தால் புரியும். ஐஎல்-10 புரதத்தையே குரோன்ஸ் நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள், குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ரத்தத்தில் சில மணி நேரமே தங்கும், குடல் சுவருக்குப் போதிய அளவு போய்ச் சேராது. அளவைக் கூட்டினால் அழற்சியைத் தூண்டும் இன்டர்ஃபெரான் காமா ஏறியது. ஸ்மாட்7-ஐக் குறைக்கும் மோங்கர்சென் மாத்திரை 2015-ல் பெரிய நம்பிக்கை கொடுத்தது, மூன்றாம் கட்டச் சோதனை 2017-ல் பலனில்லாமல் நிறுத்தப்பட்டது. ஒரே ஒரு கட்டளையைச் சரிசெய்தால் போதும் என்ற எண்ணத்தை இந்த இரண்டும் அசைத்துவிட்டன என்பது என் கருத்து.

டி-ரெக்கையே ஏற்றும் முயற்சி நடக்கிறது. 2012-ல் பிரான்சில் 20 குரோன்ஸ் நோயாளிகளுக்கு அவரவர் ரத்தத்திலிருந்து வளர்த்த அடக்கும் டி செல்களை ஏற்றினார்கள். பாதுகாப்பாக இருந்தது, சிலருக்குப் பலனும் தெரிந்தது. எளிதில்லை. வெளியே பெருக்கும்போது செல் குடல் முகவரியை மறக்கக் கூடாது. அதற்காக வளர்ப்பு ஊடகத்தில் ரெட்டினாயிக் அமிலம் சேர்க்கிறார்கள், அது ஆல்ஃபா4-பீட்டா7 என்ற ஒட்டும் புரதத்தை வரவழைக்கும். குடலின் டென்ட்ரிட்டிக் செல்லும் (டி செல்லைப் பயிற்றுவிக்கும் செல்) வைட்டமின் ஏ-யிலிருந்து அதே அமிலத்தைத் தயாரித்துத்தான் டி செல்லுக்குக் குடல் முகவரியைக் கொடுக்கிறது. அழற்சி கொழுந்துவிட்டு எரியும் குடலுக்குள் போனபின் சில டி-ரெக் அழற்சியைத் தூண்டும் ஐஎல்-17 சுரக்கத் தொடங்கிவிடும் என்ற பயமும் இருக்கிறது. "இப்போதைக்கு ஆய்வு நிலை, மருத்துவமனையில் கிடைக்கும் சிகிச்சை இல்லை" என்று தெளிவாக எழுதுங்கள்.

---

ஃப்ளோ பெஞ்ச் (புதுச்சேரி):

சங்கராபரணி சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. "குடலில் டி-ரெக் கூடுதல்" என்ற எண்ணை நம்புவதற்கு முன் எப்படி எண்ணினார்கள் என்று பாருங்கள். மனித டி செல் தூண்டப்பட்டதுமே, தாக்கும் செல்லாக இருந்தாலும், கொஞ்ச நேரம் ஃபாக்ஸ்பி3 காட்டும். எலியில் இந்தத் தொல்லை குறைவு. புண்ணான குடலில் தூண்டப்பட்ட செல்தான் எங்கும். ஸ்லைடில் ஃபாக்ஸ்பி3 மட்டும் சாயமேற்றி எண்ணினால் கணக்கு ஊதிக் காட்டும். சிடி4, சிடி25 அதிகம், சிடி127 குறைவு, ஃபாக்ஸ்பி3 என்ற நான்கு செல் அடையாளப் புரதங்களும் சேர்ந்து வேண்டும். நிலையான டி-ரெக்தானா என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் ஃபாக்ஸ்பி3 ஜீனின் டிஎஸ்டிஆர் பகுதியில் மெத்தில் குறி நீங்கியிருக்கிறதா என்று டிஎன்ஏ-வில் பார்க்க வேண்டும்.

பயாப்சி கையாள்வதில்தான் பாதி சோதனை கெடுகிறது. துண்டை எடுத்ததும் ஐஸில் வைத்த ஆர்பிஎம்ஐ ஊடகத்தில் போட வேண்டும். ஃபார்மலினில் போட்டுவிட்டால் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (சாயமேற்றிய செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் முறை) உதவாது. மே மாத வெயிலில் ஐஸ் இல்லாமல் ஸ்கூட்டர் பெட்டியில் வந்த சாம்பிளில் செத்த செல்தான் மிஞ்சும், அவை எந்த ஆன்டிபாடியையும் ஒட்டிக்கொண்டு பொய் நேர்மறை காட்டும். சில மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குங்கள். முதலில் இடிடிஏ கலவையில் 37 டிகிரியில் குலுக்கி எபிதீலியத்தை நீக்க வேண்டும், பிறகு கொலாஜினேஸ், டிஎன்ஏஸ் போட்டுச் சுவரைக் கரைக்க வேண்டும். நேரம் கூடினால் என்சைம் மேற்பரப்புக் குறிகளையும் அறுத்துவிடும். சைட்டோகைன் பார்க்க, செல்லைத் தூண்டும் பிஎம்ஏ, அயோனோமைசின் கொடுத்து, சுரப்பை உள்ளேயே நிறுத்தும் ப்ரெஃபெல்டின் ஏ-யுடன் 4 அல்லது 5 மணி நேரம் வைப்பது வழக்கம். பிஎம்ஏ சிடி4-ஐ மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துவிடும் என்பதால் சிடி3, சிடி8 சாயமும் சேருங்கள், இல்லையென்றால் சிடி4 செல்களே காணோம் என்று திகைப்பீர்கள். உயிருள்ள செல்லையும் செத்ததையும் பிரிக்கும் சாயம் இல்லாத எந்த முடிவையும் நான் ஏற்க மாட்டேன்.

ரத்தத்தில் டி-ரெக் எண்ணுவதற்கு நம் நாட்டில் ஒரு தனிப் பயன் இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வில் குரோன்ஸ் நோயாளிகளைவிடக் குடல் காசநோயாளிகளின் ரத்தத்தில் ஃபாக்ஸ்பி3 செல் விகிதம் கூடுதலாக இருந்தது. இரண்டும் ஒரே மாதிரி தெரியும் இடத்தில் இது துணைச் சான்றாகலாம். வழக்கமான பரிசோதனையாக இன்னும் வரவில்லை.

---

கெடிலக்கரை:

ரொம்ப நன்றி, இருவருக்கும். ஒரு உபகேள்வி. ஐஎல்-17 கெட்டது என்றுதான் பாடப்புத்தகம். சோரியாசிஸுக்கு ஐஎல்-17 தடுப்பு ஊசி நன்றாக வேலை செய்கிறது. குரோன்ஸில் மட்டும் ஏன் எடுபடவில்லை?

---

சங்கராபரணி:

எடுபடவில்லை என்பதோடு நிற்கவில்லை. செக்குகினுமாப் என்ற ஐஎல்-17 தடுப்பு ஊசியின் சோதனையில் போலி மருந்து போட்டவர்களைவிட மருந்து போட்டவர்கள் மோசமானார்கள், பூஞ்சைத் தொற்றும் கூடுதல். அந்த முடிவு 2012-ல் வெளியானது. காரணம், குடலில் ஐஎல்-17-க்குக் காவல் வேலையும் உண்டு. எபிதீலியச் செல்களுக்கு இடையிலான இறுக்கமான இணைப்பைப் பேணும், கேண்டிடா பூஞ்சையைக் கட்டுப்படுத்தும், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவை அழைக்கும். அதைத் தடுத்தால் சுவர் கசிகிறது, பாக்டீரியா உள்ளே வருகிறது, எரிச்சல் கூடுகிறது.

ஆனால் ஒரு படி மேலே இருக்கும் ஐஎல்-23-ஐத் தடுத்தால் பலன் கிடைக்கிறது. உஸ்டெகினுமாப், ரிசான்கிஸுமாப் ஊசிகள் அப்படித்தான். நோய் தரும் டி செல்லை உசுப்புவது ஐஎல்-23. காவல் வேலைக்கான ஐஎல்-17-ன் ஒரு பகுதியை காமா டெல்டா டி செல்கள் என்ற தனி வகை ஐஎல்-23 இல்லாமலே சுரக்கும் என்பதை எலியில் காட்டியிருக்கிறார்கள்.

கையேட்டுக்கு இதிலிருந்து ஒரு வரி: குரோன்ஸ் அல்லது கொலைட்டிஸ் உள்ளவருக்குச் சோரியாசிஸோ முதுகெலும்பு மூட்டழற்சியோ சேர்ந்து இருந்தால், தோல் மருத்துவரிடமும் மூட்டு மருத்துவரிடமும் குடல் நோயை முதலிலேயே சொல்ல வேண்டும். ஐஎல்-17 தடுப்பைத் தவிர்த்து வேறு ஊசியைத் தேர்வு செய்வார்கள்.

---

குடல்நோய் புதுவை:

மருத்துவப் பக்கம் நான் சொல்கிறேன். அளவுகளை உங்கள் மருத்துவர் எடை, நிலை பார்த்து மாற்றுவார். கையேட்டில் இருப்பதைப் பார்த்து யாரும் தானாக எதையும் மாற்றக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் காசநோய். டிஎன்எஃப் குடலைப் புண்ணாக்குகிறது, ஆனால் நுரையீரலில் பழைய காசநோய்க் கிருமியைக் கிரானுலோமாவுக்குள் (செல்கள் சூழ்ந்த சிறு கட்டி) பூட்டி வைத்திருப்பதும் அதே டிஎன்எஃப்தான். டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி போட்டால் அந்தப் பூட்டு திறக்கும். ஆகவே ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரே, கூடவே மாண்டு தோல் பரிசோதனை அல்லது இக்ரா ரத்தப் பரிசோதனை. இதை ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் ஸ்டீராய்டும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் அசாதியோபிரின் மாத்திரையும் டி செல்லை அடக்கிப் பரிசோதனையைப் பொய் எதிர்மறையாக்கும். உறங்கும் காசநோய் என்று தெரிந்தால் அதற்கான மருந்தைத் தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துத்தான் டிஎன்எஃப் தடுப்பு. அந்த மருந்து ரிஃபாம்பிசின் வகையாக இருந்தால் டோஃபாசிடினிப் என்ற குடல் அழற்சி மாத்திரையின் அளவு ரத்தத்தில் விழுந்துவிடும், இதையும் கவனிக்க வேண்டும்.

இன்னும் பெரிய சிக்கல், குடலில் இருப்பதே காசநோயா குரோன்ஸா என்பது. இரண்டும் சிறுகுடல் முடியும் இடத்தில் வரும், இரண்டிலும் கிரானுலோமா இருக்கும். தயிர்போல் சிதைந்த கிரானுலோமாவோ நடுவில் சிதைந்த நிணநீர்க் கட்டியோ தெரிந்தால் காசநோய். தெளிவில்லாதபோது காசநோய் மருந்தை 2 முதல் 3 மாதம் கொடுத்து மறுபடி கொலனோஸ்கோப்பி பார்க்கிறோம். "கொஞ்சம் தேவலாம்" என்ற பேச்சை நம்பி முடிவெடுக்க முடியாது, புண் ஆறியிருக்க வேண்டும்.

இன்ஃப்ளிக்ஸிமாப் வழக்கமாகக் கிலோவுக்கு 5 மி.கி. முதல் நாள், 2-ஆம் வாரம், 6-ஆம் வாரம், பிறகு 8 வாரத்துக்கு ஒரு முறை. ஏன் தவணை தவறக் கூடாது? மருந்தளவு ரத்தத்தில் காலியாகி மறுபடி ஏறும்போது உடல் அதையே அந்நியப் புரதமாகப் பார்த்து ஆன்டிபாடி தயாரிக்கும். அப்புறம் ஊசி ஏற்றும்போதே ஒவ்வாமை, இல்லாவிட்டால் பலன் போய்விடும். பணம் புரட்டுவதில் ஒரு தவணை தள்ளும் குடும்பங்களுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள். முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லட்டும், மாற்று வழி பார்க்கலாம். பலன் குறைந்தால் அடுத்த தவணைக்குச் சற்று முன் ரத்தத்தில் மருந்தளவையும் ஆன்டிபாடியையும் பார்க்கலாம். பல மையங்கள் மி.லி.க்கு 5 மைக்ரோகிராமுக்குக் குறையாமல் இருக்கப் பார்க்கின்றன.

அசாதியோபிரின் சேர்ப்பது அந்த ஆன்டிபாடியைக் குறைக்கவும்தான். ஆனால் நம்மவர்களில் என்யுடிடி15 ஜீன் மாற்றம் கணிசமான பேருக்கு உண்டு. அவர்களுக்குச் சாதாரண அளவிலேயே வெள்ளணு சரிந்துவிடும். தொடங்கிய சில வாரத்தில் முடி கொத்தாகக் கொட்டினால் அது வெறும் முடிப் பிரச்சினை இல்லை, அன்றே ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். முதல் மாதம் வாரா வாரம் சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை). காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்கக் கூடாது.

வெடோலிஸுமாப் ஊசி வேறு தர்க்கம். டி செல் குடலுக்குள் நுழையும் ஆல்ஃபா4-பீட்டா7 பிடியை மறிக்கும். ஏற்கனவே உள்ளே இருக்கும் செல்லை ஒன்றும் செய்யாது, அதனால்தான் பலன் தெரிய 10 முதல் 14 வாரம் ஆகலாம். மூன்றாவது தவணைக்குள் "வேலை செய்யலை" என்று விட்டுவிடாதீர்கள். குடலுக்கு வெளியே எதிர்ப்பு சக்தியைப் பெரிதாகத் தொடாது என்பதால் காசநோய்ப் பயம் குறைவு.

அழற்சி அளவை வீட்டிலிருந்தே கண்காணிக்க மலத்தில் கால்ப்ரொடெக்டின். இது நியூட்ரோஃபிலுக்குள் இருக்கும் புரதம், குடலுக்குள் எவ்வளவு நியூட்ரோஃபில் வந்து சிதைகிறது என்பதற்கு நேரடி அளவு. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே நல்லது, 250-க்கு மேல் தீவிர அழற்சி, நடுவில் இருந்தால் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் இதை ஏற்றிவிடும், நோயையும் கிளறும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். காலை முதல் மலத்தை எடுத்து, ஆய்வுக்கூடத்துக்குப் போகும்வரை ஃபிரிட்ஜில் வைக்கலாம்.

---

மருந்தாளுநர் முதுநகர்:

அடாலிமுமாப் (டிஎன்எஃப் தடுப்பு ஊசி) பேனா வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு. 2 முதல் 8 டிகிரி. ஃபிரீசருக்குக் கீழே ஒட்டிய தட்டிலும் கதவிலும் வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். ஒரு முறை உறைந்தால் உருகினாலும் உபயோகிக்கக் கூடாது, புரதம் கட்டிக்கொண்டிருக்கும், ஆன்டிபாடி வருவதற்கும் அது வழி. மூல மருந்தின் தாளில் 25 டிகிரிக்கு மிகாமல் 14 நாள் வெளியே வைக்கலாம் என்று இருக்கும். பயோசிமிலர்களில் (அதே மருந்தின் மாற்றுத் தயாரிப்புகள்) நாள் கணக்கு மாறும், உங்கள் பெட்டியில் உள்ள தாளைப் படியுங்கள். கடலூரில் ஏசி இல்லாத அறை வருடத்தில் பெரும்பாலான நாள் 25-ஐத் தாண்டியே இருக்கும், ஆக அந்தச் சலுகையை நம்ப வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்ததும் தயாராகிவிடுங்கள். 2011 தானே, 2024 ஃபெஞ்சல் இரண்டும் நம் கரையில்தான் ஏறின. கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். நேரம் நீண்டால் பேனாவை அட்டைப் பெட்டியோடு துணியில் சுற்றி, ஐஸ் பேக் நேரடியாகத் தொடாமல் சின்ன ஐஸ்பெட்டியில் வையுங்கள். ஐம்பது ரூபாய் தெர்மாமீட்டர் ஒன்று உள்ளே இருந்தால் சந்தேகமே வராது. ஊசி போடும் முன் அரை மணி வெளியே வைத்தால் வலி குறையும். வெந்நீரிலோ வெயிலிலோ சூடாக்காதீர்கள்.

---

கெடிலக்கரை:

எல்லாம் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: பழைய சோறு சாப்பிட்டால் டி-ரெக் கூடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எழுதலாமா?

---

சங்கராபரணி:

பாதி உண்மை. ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடும், பெருங்குடல் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் தரும். பியூட்டிரேட் எலியின் பெருங்குடலில் டி-ரெக்கைக் கூட்டும் என்று 2013-ல் காட்டினார்கள். குரோன்ஸ் நோயாளிகளில் பியூட்டிரேட் தரும் ஃபீகாலிபாக்டீரியம் குறைந்திருப்பதும் தெரியும். ஆனால் கொலைட்டிஸ் நோயாளிகளுக்கு பியூட்டிரேட்டை எனிமாவாகக் கொடுத்த சோதனைகளில் முடிவு ஒன்றுபோல் இல்லை, அழற்சியுள்ள எபிதீலியம் அதைச் சரியாக எரிக்க முடியாததும் ஒரு காரணம். நோய் அடங்கியிருக்கும்போது உணவாகச் சாப்பிடட்டும், மருந்துக்குப் பதில் என்று எழுதாதீர்கள்.

---

குடல்நோய் புதுவை:

இன்னொன்றும் சேருங்கள். குரோன்ஸில் குடல் சுருங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள் நார்ச்சத்து நல்லது என்று கேட்டுப் பலாச்சுளை, வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை விழுங்கக் கூடாது. பண்ருட்டிப் பலா வரும் பருவத்தில் இது முக்கியம். சுருங்கிய இடத்தில் நார் சிக்கினால் வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் நிற்கும். அப்படி ஆனால் வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் அந்த இரவே எமர்ஜென்சிக்கு வர வேண்டும்.